வாளி முழங்கிய ஆடுகளம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலதெல்பியா மாநகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில் இம்மாக்குலாட்டா என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று உள்ளது. 'மாசற்றவள்' என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். நம் முன்னோர் 'அமலோற்பவி' என்று அழகுற வழங்கிய திருப்பெயரும் இதுவே. மரியன்னையின் மாசற்ற இருதய ஊழியர் சபைக் கன்னியர், 1920-ஆம் ஆண்டில் 'வில்லா மரியா' என்ற பெயரில் இதனைப் பெண்கள் கல்லூரியாகத் தொடங்கினர். 1929-இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. 2002-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2005-இல் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. செல்வமும் புகழும் மிக்க நிறுவனங்கள் நிறைந்த அந்நாட்டில், சில நூறு பெண்கள் படித்த இச்சிறு கல்லூரியின் பெயர் வெளியூரார் செவிக்கு எட்டியிருக்க வேண்டிய நியாயமே இல்லை.

ஆயினும் எட்டியது. 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் பட்டத்தை இக்கல்லூரி மாணவியரே தொடர்ந்து வென்றனர். பல்லாயிரம் மாணவரைக் கொண்ட அரசுப் பல்கலைக்கழகங்கள் இவர்களிடம் தோற்றுத் திரும்பின. கல்லூரிப் பெயரின் நடுவெழுத்துகளைப் பிரித்தெடுத்து, 'மைட்டி மேக்ஸ்' என்று அந்த அணியை மக்கள் செல்லமாக அழைத்தனர். 'வலிமைமிகு மேக்குகள்' என்று நாம் கூறலாம். 2011-இல் இவர்களது கதை அதே பெயரில் திரைப்படமாகவும் வெளிவந்தது.

அத்திரைப்படத்தைக் கண்டவர்கள், எங்கிருந்தோ திடீரென ஒரு பயிற்சியாளர் வந்து, பந்தைப் பிடிக்கவும் அறியாத பெண்களை ஒரே பருவத்தில் வெற்றி வீராங்கனைகளாக்கிவிட்டார் என்றே எண்ணியிருப்பர். திரைப்படத்திற்கு அது பொருத்தம், வரலாற்றுக்கு அன்று. படத்தில் உதவிப் பயிற்சியாளராக வரும் இளங்கன்னியரும் கற்பனைப் பாத்திரமே. அந்த வெற்றிக்குப் பின்னே முப்பது நாற்பது ஆண்டுகள் சில ஆயிரம் குடும்பங்கள் செய்த எளிய செயல் ஒன்று இருந்தது: தம் பெண் மக்களை அவர்கள் விளையாட விட்டனர். அக்காலத்தில் அது அத்துணை எளிதன்று.

கோடு கிழித்த ஆட்டம்

கூடைப்பந்தாட்டம் 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிறந்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரையின்கீழ் ஆடுவதற்கென்று இதனை வகுத்தார். அடுத்த ஆண்டே அருகிலுள்ள ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை சென்டா பெரன்சன் இதனைப் பெண்களுக்குக் கற்பித்தார். ஆண்கள் ஆடியவாறே பெண்கள் ஆடினால் மென்மை கெடும், உடல்நலம் குன்றும் என்று பெரியோர் அஞ்சிய காலம் அது. ஆகவே பெரன்சன் களத்தை மூன்று பகுதிகளாகக் கோடிட்டுப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் கோட்டைத் தாண்டி மறுபகுதிக்குள் நுழையலாகாது. பிறர் கைப்பந்தைப் பறிக்கலாகாது. மூன்று நொடிக்கு மேல் பந்தை வைத்திருக்கலாகாது. மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டலாகாது. இப்படி எத்தனையோ 'ஆகாது'கள்!

பெரன்சனை நாம் குறைகூற வேண்டியதில்லை. அந்தக் கோடுகள் இல்லாதிருந்தால் அன்றைய பெண்களுக்குப் பந்தே கிடைத்திராது. ஆனால் ஒரு காலத்தில் பாதுகாப்பாயிருந்த கோடு, மறு காலத்தில் சிறையாகிவிடுவதுண்டு. களம் பின்னர் மூன்று பகுதியிலிருந்து இரண்டாயிற்று. அணிக்கு ஆறு பேர். மூவர் பந்தைக் கூடையில் எறிய மட்டும், மூவர் தடுக்க மட்டும். தடுப்பவள் தன் விளையாட்டு வாழ்வு முழுவதிலும் ஒரு கூடை கூடப் போடாமலே முடித்துவிடலாம். 1960-களில் இக்கட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1971-இல்தான், அணிக்கு ஐவர், களம் முழுவதும் ஓடலாம் என்ற முறை கல்லூரிப் பெண்களுக்கு உறுதியாயிற்று. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள்!

இந்த எண்பது ஆண்டுகளில் பெண்கல்வியில் அக்கறை கொண்ட பெண் ஆசிரியர்களே போட்டி விளையாட்டை எதிர்த்தனர் என்பது வாசகர்களுக்கு வியப்பாயிருக்கலாம். 1923-இல் அவர்களின் முதன்மையான அமைப்பொன்று, கல்லூரிகளுக்கிடையே பெண்கள் பட்டத்திற்காகப் போட்டியிடுவதை விரும்பவில்லை. ஒரு சிலர் வெல்வதைவிட எல்லாப் பெண்களும் கொஞ்சம் ஆடினால் போதும் என்பது அவர்கள் கொள்கை. பல கல்லூரிகள் மிக நன்றாக ஆடிக்கொண்டிருந்த தம் பெண்கள் அணிகளைக் கலைத்தன. மிசிசிப்பி மாநிலத்து டெல்டா ஸ்டேட் கல்லூரியும் 1930-களின் தொடக்கத்தில், 'ஆட்டம் முரட்டுத்தனமானது' என்ற காரணம் காட்டி அணியைக் கலைத்தது. அவ்வணியில் ஆடிய மார்கரெட் வேட் என்ற மாணவியும் தோழியரும் மனம் கசந்து தம் சீருடைகளைத் தீயிலிட்டனர். இந்தப் பெண்ணின் பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

நம் திருச்சபையின் தலைமையும் அக்காலத்தில் இவ்வச்சத்திற்கு விலக்கன்று. 1928-இல் உரோமை நகரில் பாசிச அரசு பெண்களுக்கென உடற்பயிற்சிப் போட்டி நடத்தியபோது, பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் தம் மனக்குறையை எழுத்து மூலம் தெரிவித்தார். அதை மறைத்துவிட்டு இக்கதையைச் சொல்வது நேர்மையாகாது.

பங்குகளில் வளர்ந்த பந்து

எனினும் பிலதெல்பியா மறைமாவட்டத்தில் நடந்தது வேறு. அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த நகரம் அது. ஒவ்வொரு பங்கிலும் கோயிலை அடுத்துப் பள்ளி. பள்ளியை அடுத்து ஒரு கூடம். கூடத்தின் சுவரில் ஓர் இரும்பு வளையம். 1930-இல் சிக்காகோ நகரின் பெர்னார்டு ஷீல் என்ற குரு (துணை ஆயராகவும் இருந்தவர்) தொடங்கிய கத்தோலிக்க இளைஞர் அமைப்பு நாடெங்கும் பரவி, பிலதெல்பியாவிலும் வேரூன்றியது. பையன்களுக்குப் போலவே பெண் பிள்ளைகளுக்கும் பங்குகளுக்கிடையே போட்டிகள் நடந்தன. கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கெனத் தனிப் போட்டித் தொடரும் இருந்தது. பாப்பரசரின் கடிதத்தையோ, பெண் கல்வியாளர்களின் தீர்மானத்தையோ, காலை நேரம் பலிபூசைக்கும் மாலை நேரம் ஆட்டத்துக்கும் ஓடிவந்த அந்தச் சிறுமியர் படித்திருக்கவில்லை. அவர்களுக்குக் கற்பித்த கன்னியருள் சிலர், நீண்ட அங்கியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு தாமும் பந்தெறிந்து காட்டியிருப்பர் என்றே நான் எண்ணுகிறேன்.

இத்தகைய பெண்கள்தாம் வளர்ந்து இம்மாக்குலாட்டாவுக்கு வந்தனர். 1930-களின் இறுதியிலேயே அக்கல்லூரியில் கூடைப்பந்து அணி அமைந்துவிட்டது. பிற இடங்களில் அணிகள் கலைந்துகொண்டிருக்க, இங்கே ஆண்டுதோறும் ஒரு புதிய வரிசை வந்து நின்றது. ஆட்டத்திற்கு முன்பு, விளையாடுவோரின் இறைவனை விளித்து மன்றாடும் ஒரு செபத்தைச் சொல்வது அவர்கள் வழக்கம். ஜூலி பர்ன் என்னும் சமய வரலாற்றறிஞர் அச்செபத்தின் தொடக்கத்தையே தலைப்பாக்கி, 2003-இல் இந்த அணியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பழைய ஆட்டக்காரர் பலரைத் தேடிக் கண்டு அவர் உரையாடினார். பக்திக்காக, ஒழுக்கத்திற்காக, கல்லூரிப் பெருமைக்காக ஆடினோம் என்பார்கள் என நாம் எதிர்பார்ப்போம். அவர்களோ எல்லாவற்றிற்கும் மேலாக, ஆடுவதில் இருந்த இன்பத்தையே பேசினர். குருமடத்தில் பயின்ற என்போன்றோர் இவ்விடத்தில் ஒரு நற்கருத்தை நுழைக்க விரும்புவோம். நுழைக்காமல் விடுவதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

450 டாலர்

1967-இல் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடம் தீக்கிரையாயிற்று. அதனால் அணிக்குச் சொந்தக் களம் இல்லாது போயிற்று. நவகன்னியர் பயிற்சி இல்லத்துச் சிறு கூடத்தில், அவர்களது நேரம் போக எஞ்சிய நேரத்தில் பயிற்சி நடந்தது. 1960-களில் அணியை வழிநடத்திய ஜென் ஷில்லிங்ஃபோர்டு என்ற பயிற்சியாளர் விலகியபின், 1970-இல் கேத்தி ரஷ் என்ற இளம்பெண் அப்பொறுப்பை ஏற்றார். வயது இருபத்து மூன்று. கத்தோலிக்கர் அல்லர், பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர். ஆண்டு முழுமைக்கும் அவருக்கு வாக்களிக்கப்பட்ட ஊதியம் 450 டாலர். உதவியாளர் இல்லை; ஊர்தி ஓட்டுநர் இல்லை; களமும் இல்லை. கணவர் எட் ரஷ், ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்தில் நடுவராயிருந்தவர். ஆகவே ஆண்கள் ஆட்டத்தின் நுட்பங்கள் எல்லாம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பேசப்பட்டன.

அவர் வந்த வேளை நல்ல வேளை. முழுக்களத்தில் ஐவர் ஆடும் முறை அப்பொழுதுதான் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. பிற பயிற்சியாளர்கள் பழைய கோடுகளை மனத்தில் வைத்துத் தயங்கிக்கொண்டிருக்க, எதிரணி பந்தை எடுத்த கணமே களம் முழுவதும் நெருக்கித் தடுக்கும் உத்தியை ரஷ் கற்பித்தார். அவருக்கு வாய்த்த பெண்களோ, பங்குக் கூடங்களில் பையன்களோடும் தமையன்மாரோடும் மோதிப் பழகியவர்கள். அவர்களுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

அவர்களுள் தலையாயவர் தெரசா ஷாங்க். கார்டினல் ஓஹாரா உயர்நிலைப் பள்ளியில் புகழ்பெற்றிருந்த இவர், வெளிமாநிலத்திலுள்ள வேறொரு கல்லூரிக்குச் செல்ல எண்ணியிருந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் இவரது குடும்பத்தின் வீடு தீப்பற்றி எரிந்தது. அந்நிலையில் பெற்றோரைப் பிரிந்து தொலைவில் செல்ல மனமின்றி, வீட்டிலிருந்தே போய்வரத்தக்க இம்மாக்குலாட்டாவில் சேர்ந்தார். கல்லூரியின் கூடம் எரிந்தது. மாணவியின் வீடும் எரிந்தது. இரண்டு சாம்பலுக்கும் நடுவே இந்த அணி எழுந்தது.

15-ஆம் இடம்

1971-72 பருவத்தில் இவர்கள் 24 ஆட்டங்களில் வென்றனர், தோற்றது ஒன்றில்தான். அந்த ஒன்றும் பெருந்தோல்வி. சில மைல் தொலைவிலுள்ள வெஸ்ட் செஸ்டர் அரசுக் கல்லூரி, வட்டாரப் போட்டியின் இறுதியில் இவர்களைத் துவைத்தெடுத்தது. பெண்களுக்கென நாடளாவிய போட்டி நடத்த வேண்டுமென்று கனவு கண்டு, 1969-இல் முதன்முதலாக 16 அணிகளைத் தம் கல்லூரிக்கு அழைத்து நடத்தியே காட்டிய கரோல் எக்மன் பயிற்றுவித்த அணி அது. கேத்தி ரஷ்ஷும் அக்கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவரே.

தேசியப் போட்டி 1972 மார்ச்சில், இல்லினாய் மாநிலத்து நார்மல் நகரில் நடந்தது. பங்கேற்ற 16 அணிகளுள் இம்மாக்குலாட்டாவிற்கு அளிக்கப்பட்ட தரவரிசை 15. அவ்வளவு தொலைவு செல்லக் கல்லூரியிடம் பணம் இல்லை. மாணவியர் பல்துலக்கும் தூரிகைகளை விற்றுப் பொருள் சேர்த்தனர். சேர்ந்த தொகை எல்லோரையும் அழைத்துச் செல்லப் போதவில்லை. எட்டுப் பேர் மட்டும் சென்றனர். விமானத்தில் இடம் காலியிருந்தால் ஏறலாம் என்ற குறைந்த கட்டணச் சீட்டில் பயணம். மடிப்பு வைத்துத் தைத்த கம்பளிச் சீருடை ஆளுக்கொன்று. இரவில் விடுதி அறையிலேயே துவைத்துக் காயவைத்து மறுநாள் அணிய வேண்டும். எஞ்சியவர்கள் கல்லூரியிலேயே இருந்துவிட்டார்கள். வெற்றிக் கதைகளைச் சொல்வோர் அவர்களை மறந்துவிடுகின்றனர். பருவம் முழுவதும் சேர்ந்து ஆடிவிட்டு, பணமில்லாமையால் பின்தங்கிய பெண்களின் மனம் எப்படி இருந்திருக்கும்!

நார்மலில் முதல் இரு ஆட்டங்களையும் வென்று, அரையிறுதியில் முந்திய ஆண்டின் வாகையராகிய மிசிசிப்பி மாநிலப் பெண்கள் கல்லூரியையும் வென்றனர். இறுதியாட்டத்தில் எதிரே வந்து நின்றது யார்? வெஸ்ட் செஸ்டர்! எந்த அணியிடம் சில நாட்களுக்கு முன் நொறுங்கினார்களோ அதே அணி. இம்முறை 52-க்கு 48 என்று இம்மாக்குலாட்டா வென்றது. நாட்டின் ஒரு கோடியில் அண்டை வீட்டார் போல வாழ்ந்த இரு கல்லூரிகள், நெடுந்தொலைவு பறந்து சென்று மோதிக்கொண்டதில் ஒரு சுவை உண்டு.

அடுத்த ஆண்டு 20 ஆட்டங்களிலும் தோல்வியே காணாமல், நியூயார்க்கின் குயின்ஸ் கல்லூரியை அதன் சொந்தக் களத்திலேயே 59-க்கு 52 என வென்று பட்டத்தைத் தக்கவைத்தனர். மரியான் கிராஃபோர்டு என்ற மற்றொரு பிலதெல்பியாப் பெண் இப்போது அணியில் சேர்ந்திருந்தார். பந்தை எடுத்துச் செல்வதில் அவருக்கு நிகர் அன்று எவருமில்லை என்பர். 1974-இல் மிசிசிப்பிக் கல்லூரியை 68-க்கு 53 என வென்று மூன்றாம் பட்டம்.

வாளிகளும் செபமாலையும்

கன்னியரைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. அங்கியும் முக்காடும் அணிந்த கன்னியர் வரிசை வரிசையாக வந்தமர்ந்து ஆட்டம் கண்டனர். அணியில் ஆடிய ரெனே மூத் என்பவரின் தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் தகர வாளிகளையும் உருட்டுக் கட்டைகளையும் கொணர்ந்து பார்வையாளருக்கு வழங்கினார். பிறகு கேட்க வேண்டுமா? தன் அணி கூடை போடும்போதெல்லாம் வாளிகள் முழங்கின. கன்னியரும் தயங்காமல் தட்டினர். எதிரணியினர் காதைப் பொத்திக்கொண்டனர். இறுதியில் போட்டி நடத்தும் கழகம், செயற்கை ஓசைக் கருவிகளைக் கொண்டுவரலாகாது என்று தடை விதிக்க நேர்ந்தது. கையில் வாளி இல்லாதபோது கன்னியர் கையில் செபமாலை இருந்தது. அதற்குத் தடை விதிக்க எவராலும் இயலவில்லை.

எதிரணியினருக்கு அது உறுத்தியிருக்கலாம். அத்தனை கன்னியர் ஒரே பக்கத்திற்காகச் செபிப்பது முறையா என்று வாசகர்களும் கேட்கலாம். கடவுள் கூடைப்பந்தில் கட்சி சேர்கிறார் என்று நான் கருதவில்லை. ஆனால் தம் பெண் ஒருத்தி களத்தில் ஓடும்போது வாய் மூடியிருக்கும் தாய் எவளும் இல்லை.

1975 ஜனவரி 26 அன்று மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தை அதன் களத்தில் 80-க்கு 48 என இவர்கள் வென்ற ஆட்டம், நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தாட்டம். அதே ஆண்டு பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், பெண்களுக்கான முதல் கல்லூரி ஆட்டம் நிகழ்ந்தது. அன்று குயின்ஸ் கல்லூரியை 65-க்கு 61 என வென்றவர்களும் இவர்களே. ஏறத்தாழ 12,000 பேர் கண்டனர்.

சட்டம் வந்தது, பணமும் வந்தது

முதல் பட்டம் வென்ற மூன்று மாதங்களில், 1972 ஜூன் 23 அன்று, அமெரிக்கக் கல்விச் சட்டத்தில் 9-ஆம் பிரிவு என்று வழங்கும் ஒரு திருத்தம் கையெழுத்தாயிற்று. அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின வேற்றுமையால் எவரையும் ஒதுக்கலாகாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அதன் வாசகத்தில் இல்லை. ஆயினும் அதன் பயன் விளையாட்டில்தான் பெரிதாக வெளிப்பட்டது. பெண்கள் அணி ஒன்றிற்குப் பழைய பந்தையும் பழைய நேரத்தையும் ஒதுக்கிவிட்டுத் திருப்தியடைந்த பெரிய பல்கலைக்கழகங்கள், இனி ஆடவருக்குச் செய்வதைப் பெண்களுக்கும் செய்தாக வேண்டும். அச்சட்டம் நீதியானது. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அதன் விளைவுகளை அதன் முன்னோடிகளே முதலில் தாங்க நேர்ந்தது. அதுவரை கல்லூரிப் பெண்கள் விளையாட்டை நிர்வகித்தது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற கழகம். 1971-இல் தோன்றிய அது பெண்களாலேயே நடத்தப்பட்டது. திறமையைப் பணத்தால் வாங்கலாகாது என்று கருதி, விளையாட்டிற்கென உதவித்தொகை வழங்குவதை அது தடுத்திருந்தது. பிளாரிடாவில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரியைச் சேர்ந்தோர் தொடுத்த வழக்கின் விளைவாக 1973-இல் அத்தடையைக் கைவிட்டது. ஆண்களுக்கு உண்டு, பெண்களுக்கு இல்லை என்பது எப்படி நியாயமாகும்? கேள்வி சரியே. எனினும் அன்று முதல், நல்ல ஆட்டக்காரி ஒருத்தி வீட்டருகிலுள்ள கன்னியர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் குறைந்தது. முழுப் படிப்புச் செலவையும் ஏற்க முன்வரும் பெரும் பல்கலைக்கழகத்தோடு, தூரிகை விற்று விமானம் ஏறிய கல்லூரி எவ்வாறு போட்டியிடும்? ஏழைத் தந்தை ஒருவர் தம் மகளிடம் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார் என்பது நமக்குத் தெரியாததன்று.

1975 இறுதியாட்டத்தில் இம்மாக்குலாட்டா 90-க்கு 81 எனத் தோற்றது. 1976-இல் 69-க்கு 64 என மீண்டும் தோற்றது. இரு முறையும் வென்றது டெல்டா ஸ்டேட். ஆம், நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெண்கள் அணியைக் கலைத்த அதே கல்லூரி! 1973-இல் அணியை மீண்டும் தொடங்கியபோது அதற்குப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டவர், இளமையில் சீருடையைத் தீயிலிட்ட அதே மார்கரெட் வேட். அறுபது வயதில் அவர் திரும்பி வந்தார். 1975, 1976, 1977 என மூன்று பட்டங்களைத் தொடர்ந்து வென்றார். அவர் அணியின் தூணாக நின்றவர் லூசியா ஹாரிஸ் என்ற ஆறடிக்கு மேல் உயர்ந்த கறுப்பினப் பெண். மிசிசிப்பியின் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த இவர், 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில், பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, அதன் முதல் கூடையைப் போட்டவர். இம்மாக்குலாட்டாவின் பக்கம் சாய்ந்திருக்கும் என் மனம்கூட, அந்தத் தோல்வியை எண்ணி வருந்த மறுக்கிறது.

1977-இல் கேத்தி ரஷ் ஓய்வு பெற்றார். ஏழு பருவங்களில் 149 வெற்றி, 15 தோல்வி. அதன்பின் அக்கல்லூரி தேசிய இறுதியாட்டத்திற்குத் திரும்பவில்லை. இன்று அதன் அணிகள், விளையாட்டு உதவித்தொகை வழங்காத கல்லூரிகளுக்கான மூன்றாம் பிரிவில் ஆடுகின்றன. ரஷ் 2008-இலும், 1972 முதல் 1974 வரை வென்ற அணி முழுவதும் 2014-இலும் நெய்ஸ்மித் பெயரால் அமைந்த கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் இடம் பெற்றனர்.

மாணவியரோ நாடெங்கும் பரவினர். மரியான் கிராஃபோர்டு, மணமானபின் மரியான் ஸ்டான்லி என்ற பெயரோடு, ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரானார். 1979, 1980, 1985 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் பெற்றார். தெரசா ஷாங்க், தெரசா கிரென்ட்ஸ் என்ற பெயரில் 1976 முதல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்தார்; 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்கப் பெண்கள் அணியும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. 2022-இல் இவ்விருவரும் ஒருசேரப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டனர்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். சட்டம் வந்த 1972-இல் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பெண்கள். பெண்கள் விளையாட்டில் பணமும் மதிப்பும் சேரச் சேர, ஆண்கள் அப்பதவிகளை நாடி வந்தனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 450 டாலர் ஊதியமாயிருந்தபோது அவ்வேலையைக் கேட்டு எந்த ஆடவரும் வரிசையில் நிற்கவில்லை.

ஆண்கள் விளையாட்டை நிர்வகித்த என்.சி.ஏ.ஏ. என்னும் பெருஞ்சங்கம், தொடக்கத்தில் விளையாட்டிற்கு 9-ஆம் பிரிவு பொருந்தலாகாது என்று வாதாடியது. பயனில்லை என்று கண்டபின், பெண்கள் போட்டிகளைத் தானே நடத்த முன்வந்தது. 1982-இல் இரண்டு தேசியப் போட்டிகள் ஒரே வேளையில் நடந்தன. செலவை ஏற்கவும் தொலைக்காட்சியில் காட்டவும் வல்ல சங்கத்தின் பக்கம் பெரிய கல்லூரிகள் சாய்ந்தன. 900-க்கு மேற்பட்ட கல்லூரிகளைத் தன்னகத்தே கொண்டிருந்த பெண்கள் கழகம் அவ்வாண்டு ஜூனில் மூடப்பட்டது.

அக்கழகத்தின் கடைசிக் கூடைப்பந்து இறுதியாட்டம் 1982 மார்ச்சில், பிலதெல்பியாவின் பலெஸ்ட்ரா அரங்கில், இம்மாக்குலாட்டாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் நடைபெற்றது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 83-க்கு 77 என வென்று அக்கடைசிப் பட்டத்தை எடுத்துக்கொண்டது ரட்கர்ஸ். பயிற்சியாளர் இருக்கையில் அமர்ந்திருந்தவர், பத்து ஆண்டுகளுக்கு முன் நார்மல் நகரில் அக்கழகத்தின் முதல் பட்டத்தை வென்ற அணியில் ஆடிய தெரசா ஷாங்க்.